படி ஒன்று, பானை பல: அமெரிக்கப் பொதுப் பள்ளிகள் பற்றிய ஓர் ஆய்வு

கல்வி அனைவர்க்கும் உரியது என்பதை இன்று மறுப்பார் எவருமில்லை. ஆனால் அனைவர்க்கும் எதைக் கற்பிப்பது, எந்த அளவுக்குக் கற்பிப்பது, அதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு என்று கேட்டால், கற்றறிந்தோரும் இரு அணியாகப் பிரிந்து நிற்பர். "நாடு முழுவதற்கும் ஒரே தரம் வேண்டும்" என்பர் ஒரு சாரார். "எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எது தேவை என்பதை நாங்களே அறிவோம்" என்பர் மற்றொரு சாரார்.

இவ்வினா பல நாடுகளில் உண்டு. எனினும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அது தலைமுறை தலைமுறையாக விவாதிக்கப்பட்டு வருகிறது. பலமுறை நீதிமன்றப் படிகளிலும் ஏறியிருக்கிறது. ஆகவே அந்நாட்டின் அனுபவத்தை எடுத்துக்கொண்டு, அங்குள்ள கல்வியாளர்களின் கருத்துகளை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதலில் நம் வீட்டு உவமை ஒன்று. கடையில் அரிசி அளக்கும் படிக்கு அரசு முத்திரை இருக்க வேண்டும். கடைக்கு ஒரு படி என்றால் ஏமாறுபவள் ஏழைதான். ஆனால் அளந்து வாங்கிய அரிசியைச் சோறாக்குவதா, கஞ்சி காய்ச்சுவதா என்பதைச் சமைப்பவளே முடிவு செய்வாள். வீட்டில் நோயாளி இருப்பதை அறிந்தவள் அவளே. படி பொதுவாக இருக்க வேண்டும்; பானை அவரவருடையதாக இருக்க வேண்டும். இனி, படி இருந்தும் அரிசி வாங்கக் கையில் காசில்லையெனில் என் செய்வது? இம்மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் அமெரிக்காவின் நெடிய வழக்கு நமக்கு எளிதில் விளங்கும்.

பொதுப் பள்ளி என்பது யாது?

இங்கிலாந்தில் 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கட்டணம் செலுத்திப் பயிலும் புகழ்பெற்ற தனியார் பள்ளிகளைக் குறிக்கும். அமெரிக்காவிலோ அச்சொல்லுக்குப் பொருள் நேர்மாறு. மக்கள் வரிப்பணத்தில் நடப்பதும், கட்டணமின்றி எல்லாரையும் சேர்த்துக்கொள்வதுமான பள்ளியே அங்குப் பொதுப் பள்ளியாகும்.

அந்நாட்டு அரசியலமைப்பில் கல்வி என்ற சொல்லே இல்லை. மத்திய அரசுக்கு அளிக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களையும் மக்களையும் சாரும் என்று 1791ஆம் ஆண்டின் பத்தாவது திருத்தம் கூறுகிறது. ஆகவே கல்வி மாநிலங்களின் பொறுப்பாயிற்று. மாநிலங்கள் அதனை ஊர்களிடம் ஒப்படைத்தன.

ஊர்களுக்கு இது புதிதன்று. 1647ஆம் ஆண்டிலேயே மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில், ஐம்பது குடும்பங்கள் உள்ள ஊர் எழுதப் படிக்கக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்று சட்டம் இயற்றினர். பொதுப் பள்ளி இயக்கத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஹொரேஸ் மான், 1837இல் அம்மாநிலக் கல்வி வாரியத்தின் முதற் செயலாளரானார். செல்வர் பிள்ளையும் ஏழை பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பயிலும் பள்ளி வேண்டும் என்பதே அவர் வாழ்நாள் முழக்கம்.

ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் ஒரு பள்ளி வாரியம் உண்டு. அதன் உறுப்பினர்களைப் பெரும்பாலான ஊர்களில் மக்களே தேர்ந்தெடுக்கின்றனர். வீடு, நிலம் ஆகியவற்றின் மீது விதிக்கும் வரியே பள்ளிச் செலவில் பெரும்பங்கைத் தாங்கி வந்தது. 1930களில் இத்தகைய பள்ளி மாவட்டங்கள் ஒரு இலட்சத்துக்கும் மேல் இருந்தன. சிறியவற்றை ஒன்றாக இணைத்து இணைத்து இன்று ஏறத்தாழ 13,000 ஆகக் குறைந்துள்ளன.

மாணவியர் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. அமெரிக்கப் பெண்கள் நாடு முழுவதும் வாக்குரிமை பெற்றது 1920இல்தான். ஆயினும் கென்டக்கி மாநிலம் 1838ஆம் ஆண்டிலேயே, வரி செலுத்தும் சொத்துடைய கைம்பெண்களும் மணமாகாப் பெண்களும் கிராமப்புறப் பள்ளித் தேர்தல்களில் வாக்களிக்க இடமளித்தது. 'லிட்டில் விமன்' என்ற புகழ்பெற்ற நாவலின் ஆசிரியை லூயிசா மே ஆல்காட் அம்மையார், 1880இல் தம் ஊராகிய கான்கார்டில் பள்ளிக் குழுத் தேர்தலில் வாக்களித்தார். சட்டமன்றத்தின் கதவு பெண்களுக்குத் திறக்காதிருந்த காலத்தில் பள்ளியின் கதவு சிறிதேனும் திறந்தது. ஊர் அதிகாரத்தின் நல்ல பக்கம் இது.

ஊர் உரிமையின் மறுபக்கம்

ஆனால் ஊர் எப்போதும் நல்லதையே முடிவு செய்யும் என்று எண்ணுதல் ஆகாது. வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம் இதற்குச் சான்று.

அங்கு வெள்ளையர்க்கு ஒரு பள்ளி, கறுப்பினத்தவர்க்கு வேறொரு பள்ளி. ஃபார்ம்வில் ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளி 180 பேருக்கெனக் கட்டப்பட்டது. அதில் 450 பேருக்கு மேல் பயின்றனர். இடம் போதாமையால் மரச் சட்டங்களின் மீது தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகளை எழுப்பி, அவற்றில் வகுப்புகளை நடத்தினர். மழை பெய்தால் ஒழுகும்; குளிர்காலத்தில் அடுப்பருகே அமர்ந்தவர்க்கு வெப்பம் தாங்காது, தொலைவில் அமர்ந்தவர்க்கு நடுக்கம் தீராது. புதிய கட்டடம் வேண்டுமெனப் பெற்றோர் கேட்டும் பள்ளி வாரியம் செவிசாய்க்கவில்லை.

1951ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயது மாணவி எழுந்தாள். சக மாணவர்களைத் திரட்டி, அமைதியான முறையில் பள்ளியை விட்டு வெளிநடப்புச் செய்தாள். அந்த வேலைநிறுத்தம் வழக்காக மாறியது. இனவாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் அளித்த பிரவுன் வழக்குத் தீர்ப்பில் ஒன்றிணைந்த ஐந்து வழக்குகளுள் அதுவும் ஒன்று.

தீர்ப்புக்குப் பின் அவ்வூரார் செய்தது என்ன? கறுப்பினப் பிள்ளைகளோடு தம் பிள்ளைகளை அமர்த்துவதைவிடப் பள்ளிகளையே மூடிவிடலாம் என்று முடிவு செய்தனர். 1959இல் மாவட்ட ஆட்சிக்குழு பொதுப் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்க மறுத்தது. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி எழுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பினக் குழந்தைகள் பள்ளியின்றித் தெருவில் நின்றனர். சிலர் உறவினர் இருக்கும் வெளியூர்களுக்குச் சென்றனர். பலர் கல்வியையே இழந்தனர். உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்ட பின்னர் 1964இல்தான் அப்பொதுப் பள்ளிகள் திறந்தன.

பள்ளிகளை மூடியதும் உள்ளூர் முடிவே என்பதை நாம் மறத்தலாகாது. ஊரின் பெரும்பான்மையோர் கைவிட்ட குழந்தைக்கு, ஊருக்கு வெளியே நீதி கேட்க ஓர் இடம் வேண்டும். பொதுத் தரம் வேண்டுவோரின் முதல் வாதம் இதுவே.

வரியும் வகுப்பறையும்

இரண்டாவது வாதம் பணத்தைப் பற்றியது. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட், ஆலமோ ஹைட்ஸ் என்று இரு பள்ளி மாவட்டங்கள். முன்னது ஏழைத் தொழிலாளர் வாழும் பகுதி. பின்னது செல்வர் வாழும் பகுதி. 1967–68 கல்வியாண்டின் கணக்கு நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டது. எட்ஜ்வுட் மக்கள் தம் சொத்தின் ஒவ்வொரு நூறு டாலர் மதிப்புக்கும் 1 டாலர் 5 சென்ட் வரி செலுத்தினர். ஆலமோ ஹைட்ஸ் மக்கள் 85 சென்ட் மட்டுமே செலுத்தினர். ஆனால் உள்ளூர் வரியிலிருந்து மாணவர் ஒருவருக்குக் கிடைத்த தொகை எட்ஜ்வுட்டில் 26 டாலர். ஆலமோ ஹைட்ஸில் 333 டாலர். மாநில உதவியும் மத்திய உதவியும் சேர்ந்த பின்னரும் 356க்கு 594 என்ற நிலையே நீடித்தது. அதிக விகிதத்தில் வரி கட்டிய ஏழைக்குக் குறைந்த கல்வியே கிட்டியது.

டெமெட்ரியோ ராட்ரிகஸ் என்ற தந்தையும் பிற பெற்றோரும் தொடுத்த இவ்வழக்கில் 1973இல் தீர்ப்பு வந்தது. ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் பெற்றோர் தோற்றனர். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பவல், முன்னர் ரிச்மண்ட் நகரப் பள்ளி வாரியத்தின் தலைவராயிருந்தவர். தம் பிள்ளைகளின் பள்ளியில் பெற்றோர் பங்கு கொள்ள ஊர் அதிகாரம் இன்றியமையாதது என்று அவர் கருதினார். பிரவுன் வழக்கில் வழக்கறிஞராக வாதாடிய தர்குட் மார்ஷல், இப்போது நீதிபதியாக அமர்ந்து மறுப்புரை எழுதினார். கையில் பணமில்லாத ஊருக்கு முடிவு செய்யும் உரிமை எப்படிப் பயன்படும் என்பதே அவர் வாதத்தின் உட்கிடை. மத்திய நீதிமன்றக் கதவு மூடியதால், நீதி வேண்டியோர் மாநில நீதிமன்றங்களை நாடினர்.

கென்டக்கி காட்டிய வழி

அவ்வாறு நாடியவற்றுள் கென்டக்கியின் கதை சிறப்பாக எண்ணத்தக்கது. மலையும் நிலக்கரிச் சுரங்கமும் நிறைந்த அம்மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் வறுமை மிகுதி. 1985இல் 66 ஏழைப் பள்ளி மாவட்டங்கள் ஒன்று கூடி வழக்குத் தொடுத்தன. முன்னாள் ஆளுநர் பெர்ட் கோம்ஸ் அவர்களுக்காக வாதாடினார். 1989 ஜூன் மாதம் மாநில உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நாட்டையே வியக்க வைத்தது. நிதிப் பங்கீடு மட்டுமன்று, மாநிலத்தின் பொதுப் பள்ளி அமைப்பு முழுவதுமே அரசியலமைப்புக்கு முரணானது என்றார் தலைமை நீதிபதி ராபர்ட் ஸ்டீபன்ஸ்.

அத்தோடு நில்லாமல், ஒவ்வொரு குழந்தையும் பள்ளியிலிருந்து பெற்றாக வேண்டிய ஏழு திறன்களையும் நீதிமன்றம் வகுத்துரைத்தது. பேசவும் எழுதவும் போதிய ஆற்றல், பொருளாதார, சமூக, அரசியல் அமைப்புகளைப் பற்றிய அறிவு, அரசு நடைபெறும் முறை பற்றிய தெளிவு, தன்னையும் தன் உடல், மன நலத்தையும் அறிதல், கலைகளில் பயிற்சி, மேற்படிப்புக்கோ தொழிலுக்கோ ஆயத்தம், அண்டை மாநிலப் பிள்ளைகளோடு போட்டியிடும் தகுதி ஆகியவையே அவ்வேழு. கணக்கும் மொழியும் மட்டுமன்றிக் கலையும் மனநலமும் இப்பட்டியலில் இருத்தல் காண்க.

1990இல் சட்டமன்றம் கல்விச் சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. அச்சட்டத்தில் நாம் முன்பு கூறிய மூன்றும் ஒருங்கே அமைந்தன.

முதலாவது, படி. மாநிலம் முழுவதற்கும் பொதுவான கல்வி இலக்குகள் வகுக்கப்பட்டன. அவற்றை அளக்கப் புதிய தேர்வும் வந்தது. சரியான விடைக்கு எதிரே குறியிடுவதோடு அது நிற்கவில்லை. மாணவர் ஆண்டு முழுவதும் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து மதிப்பிடும் முறையும் அதில் சேர்ந்தது.

இரண்டாவது, அரிசி. விற்பனை வரியை நூற்றுக்கு ஐந்திலிருந்து ஆறாக உயர்த்தினர். ஏழை மாவட்டங்களுக்கு மாநிலம் மிகுதியாக உதவும் வகையில் நிதிப் பங்கீடு மாறியது. வறிய குடும்பத்துப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளில் குடும்ப உதவி நிலையங்கள் எழுந்தன. பசித்த வயிறும் வலிக்கும் பல்லும் உள்ள குழந்தைக்குப் பாடம் ஏறாது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது.

மூன்றாவது, பானை. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பள்ளிக் குழு. அதில் ஆசிரியர் மூவர், பெற்றோர் இருவர், தலைமையாசிரியர் ஒருவர். ஆசிரியர்களை ஆசிரியர்களும், பெற்றோரைப் பெற்றோரும் தேர்ந்தெடுப்பர். பாடத்திட்டம், பாடநூல், கால அட்டவணை, வகுப்பறைப் பங்கீடு, ஒழுங்கு விதிகள், பாடம் சாராச் செயல்கள் ஆகியவற்றை அக்குழுவே முடிவு செய்யும். தலைமையாசிரியர் பதவி காலியானால் புதியவரைத் தேர்ந்தெடுப்பதும் அதன் பொறுப்பு. சில ஊர்களில் வாரிய உறுப்பினர்கள் தம் உறவினருக்கே வேலை கொடுத்து வந்தனர். அவ்வழக்கத்துக்கும் சட்டம் தடை விதித்தது.

சுருங்கக் கூறின், எங்குச் சென்று சேர வேண்டும் என்பதை மாநிலம் கூறிற்று. எவ்வழியே செல்வது என்பதைப் பள்ளியிடம் விட்டது.

கல்வியாளர்கள் கூறுவன

இவ்விரு பக்கங்களையும் பற்றிக் கல்வியாளர்கள் என்ன கருதுகின்றனர்? நால்வரின் கருத்துகளைக் காண்போம்.

இ. டி. ஹிர்ஷ் என்ற பேராசிரியர் 1987இல் 'கல்ச்சுரல் லிட்டரசி' என்னும் நூலை வெளியிட்டார். படித்துப் புரிந்துகொள்ளும் திறன் பொது அறிவைச் சார்ந்தது என்பது அவர் கொள்கை. செல்வர் வீட்டுப் பிள்ளை அவ்வறிவை உணவு மேசையிலேயே பெற்றுவிடுகிறது. ஏழைக் குழந்தைக்குப் பள்ளியை விட்டால் வேறு வழியில்லை. மேலும் பிழைப்புக்காக ஊர் ஊராக மாறும் குடும்பங்களின் குழந்தைகள், ஒரு பள்ளியில் படித்ததையே மறு பள்ளியிலும் படித்து, படிக்க வேண்டியதைப் படிக்காமலே வளர நேரிடும். ஆகவே பொதுப் பாடத்திட்டம் ஏழையின் நண்பன் என்பார் அவர்.

டெபோரா மையர் அம்மையார் இதற்கு மாறான கருத்தினர். 1974இல் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெம் பகுதியில் ஒரு சிறு பொதுப் பள்ளியைத் தொடங்கி, ஆசிரியர்களே கூடிப் பேசி முடிவெடுக்கும் முறையை வளர்த்தவர். பின்னர் அங்கு எழுந்த உயர்நிலைப் பள்ளியில், மாணவர் தம் ஆக்கங்களைக் குழுவொன்றின் முன் வைத்து, கேள்விகளுக்கு விடை கூறித் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்து வினாக்களை எப்போதும் கேட்கும் பழக்கத்தை அப்பள்ளி வளர்த்தது: இது உண்மை என்பதற்குச் சான்று என்ன? இது யாருடைய நோக்கில் கூறப்படுகிறது? இதற்கும் பிறவற்றுக்கும் தொடர்பென்ன? வேறு விதமாக நடந்திருந்தால் என்னவாகும்? இது ஏன் முக்கியம்? பெரியோர் தம் சொந்த அறிவால் முடிவெடுப்பதைக் குழந்தைகள் அருகிருந்து காண வேண்டும் என்பது அம்மையாரின் வாதம். எங்கிருந்தோ வரும் கட்டளைக்குத் தலையாட்டும் ஆசிரியரிடம் பயிலும் மாணவர், குடியாட்சியை எவ்வாறு கற்பர் என்று அவர் கேட்கிறார்.

லிண்டா டார்லிங்-ஹாமண்ட் அம்மையார் ஆசிரியப் பயிற்சியில் வல்லவர். மாணவர்க்குத் தரம் விதிக்கும் அரசு, அத்தரத்தை எட்டுவதற்கான நல்லாசிரியரையும் நூல்களையும் வாய்ப்பையும் தரும் கடமையைத் தனக்கும் விதித்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துபவர். தேர்வை மட்டும் கடுமையாக்கிவிட்டு ஆய்வுக்கூடம் தராத அரசு, குழந்தையைத் தண்டிக்கிறதேயன்றிக் கற்பிக்கவில்லை.

நான்காமவர் டயான் ரேவிச். கல்வி வரலாற்றாசிரியை, 1991 முதல் 1993 வரை மத்தியக் கல்வித்துறையில் உயர் பதவி வகித்தவர். தரமும் தேர்வும் பள்ளிகளை உயர்த்தும் என்று நெடுங்காலம் வாதிட்டவர். நடந்தவற்றை ஆராய்ந்த பின், 2010இல் வெளியிட்ட நூலில் தேர்வை வைத்துப் பள்ளிகளைத் தண்டிக்கும் முறையைத் துணிந்து கண்டித்தார். நல்ல பாடத்திட்டம் வேண்டும் என்பதை அவர் அப்போதும் கைவிடவில்லை. அவர் கருத்து மாறுவதற்கு இடையில் நடந்தது என்ன?

அளவுகோலே ஆசிரியரானபோது

2002 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது என்ற பெயருடைய சட்டத்தில் கையெழுத்திட்டார். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு; உயர்நிலையில் ஒருமுறை. 2014ஆம் ஆண்டுக்குள் எல்லாக் குழந்தைகளும் தேர்ச்சி பெற்றாக வேண்டும். இலக்கை எட்டாத பள்ளி படிப்படியாகத் தண்டனைக்கு உள்ளாகும்.

இச்சட்டத்தால் விளைந்த நன்மையைக் குறை கூறுவோரும் ஒப்புவர். இனம், வறுமை, உடற்குறை, தாய்மொழி என்ற பிரிவுவாரியாக மதிப்பெண்களை வெளியிடச் சட்டம் கட்டாயப்படுத்தியது. பள்ளியின் சராசரிக்குப் பின்னால் மறைந்திருந்த கடைசி வரிசைப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிந்தனர்.

தீமைகளும் பல. வாசிப்பும் கணக்கும் மட்டுமே எண்ணப்பட்டதால் மற்றவை சுருங்கின. வரலாறு, அறிவியல், இசை, ஓவியம், விளையாட்டு, இடைவேளை என எதிலிருந்தாவது நேரத்தைக் குறைத்ததாக 44 விழுக்காடு பள்ளி மாவட்டங்கள் கூறியதை 2007ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டிற்று. சில மாநிலங்கள் பிள்ளைகளை உயர்த்துவதற்குப் பதிலாகத் தேர்ச்சி மதிப்பெண்ணையே தாழ்த்தின. அட்லாண்டா நகரில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. ஆசிரியர்களே விடைத்தாள்களைத் திருத்தி எழுதினர் என்பதை 2011இல் மாநில விசாரணை வெளிப்படுத்தியது. 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் இதில் தொடர்புடையவர்கள் எனக் கண்டது. மதிப்பெண்ணுக்கு அஞ்சிய பெரியோர், எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையைத் தேர்ச்சி பெற்றதாகக் காட்டினர். அக்குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய உதவி கிடைக்காமலே போயிற்று.

2015 டிசம்பரில் பழைய சட்டத்துக்கு மாற்றாகப் புதிய சட்டம் வந்தது. ஆண்டுத் தேர்வுகள் நீடித்தன. ஆனால் பின்தங்கிய பள்ளியை என்ன செய்வது என்ற அதிகாரம் பெரும்பாலும் மாநிலங்களுக்குத் திரும்பியது. இதற்கிடையே 2010இல் மாநிலங்கள் கூடி ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் வகுத்த பொதுத் தரங்களை நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏற்றன. முதலில் ஏற்றது கென்டக்கியே. பின்னர்ச் சில மாநிலங்கள் அவற்றைக் கைவிட்டன. 2025 மார்ச்சில் குடியரசுத் தலைவர் டிரம்ப், மத்தியக் கல்வித்துறையையே மூடும் நடவடிக்கையைத் தொடங்க ஆணையிட்டார். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

கென்டக்கி பிறகு என்னாயிற்று?

முதல் பத்தாண்டில் ஏழை மாவட்டங்களுக்கும் செல்வ மாவட்டங்களுக்கும் இடையே செலவில் இருந்த பள்ளம் கணிசமாகக் குறைந்தது. பெற்றோர் பலர் முதன்முறையாகப் பள்ளியின் மேசையில் வாக்குடன் அமர்ந்தனர். எனினும் எல்லாம் எளிதாக நடந்துவிடவில்லை. பெற்றோர் தேர்தலில் வாக்களிக்க வந்தோர் பல பள்ளிகளில் மிகச் சிலரே. கட்டுரைத் தொகுப்புகளுக்கு மதிப்பெண் இடுவதில் ஒரே சீர்மை இல்லை என்ற குறையும் எழுந்தது. 1998இல் தேர்வு முறையே மாறியது. 2009இல் மீண்டும் மாறியது. மாநிலம் தரும் நிதி விலைவாசிக்கு ஈடு கொடுக்காமையால் பழைய பள்ளம் நாளடைவில் மீண்டும் விரிந்தது. 2022இல் சட்டமன்றம், பாடத்திட்டத்தையும் தலைமையாசிரியரையும் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தைப் பள்ளிக் குழுக்களிடமிருந்து எடுத்து மாவட்டக் கல்விக் கண்காணிப்பாளரிடம் அளித்தது. குழுவின் ஆலோசனையை அவர் கேட்க வேண்டும், அவ்வளவே.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? உரிமையைச் சட்டம் ஒரே நாளில் கொடுத்துவிடும். ஒரே நாளில் எடுத்தும்விடும். அதைப் பயன்படுத்த ஆட்கள் வந்து அமர்ந்தால்தான் அது வேரூன்றும்.

நாம் காணும் முடிவு

இதுவரை ஆராய்ந்தவற்றைத் தொகுத்துப் பார்ப்போம்.

1. ஊருக்கு மட்டும் அதிகாரம் என்றால், ஊர் கைவிட்ட குழந்தைக்குப் புகலிடம் இல்லை. பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம் இதற்குச் சான்று.

2. மேலிடத்துக்கு மட்டும் அதிகாரம் என்றால், அளவுகோலே ஆசிரியராகிவிடும். அட்லாண்டா இதற்குச் சான்று.

3. தரமும் உரிமையும் இருந்து, பணம் இல்லையெனில் இரண்டும் ஏட்டுச் சுரைக்காயே. எட்ஜ்வுட் இதற்குச் சான்று.

ஆகவே 'பொதுத் தரமா, ஊர் உரிமையா?' என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியே பிழையான கேள்வி என்பது நம் துணிபு. எதை எட்ட வேண்டும் என்பது எல்லாருக்கும் பொதுவாக இருத்தல் வேண்டும், அது நீதி. எப்படி எட்டுவது என்பது குழந்தையின் பெயரை அறிந்தவர் கையில் இருத்தல் வேண்டும், அது அறிவு. எட்டுவதற்கான பொருளை வலியவர் மெலியவரோடு பகிர்தல் வேண்டும், அது அன்பு. சிறு அமைப்பு செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது, சிறு அமைப்பால் இயலாதபோது பெரிய அமைப்பு உதவிக்கு வர வேண்டும் என்று திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1931இல் தம் சுற்றுமடலில் எழுதியதும் இந்நெறியே.

எந்தக் கல்வித் திட்டத்தையும் எடைபோட நமக்கு ஓர் எளிய வழி உண்டு. தார்க்காகிதக் கொட்டகையில் அமர்ந்திருந்த அந்த மாணவிக்கு இத்திட்டம் என்ன செய்திருக்கும் என்று கேட்டுப் பார்ப்போம். அவளுக்கு உதவாத தரம் தரமன்று. அவள் குரலைக் கேளாத ஊர்ச் சபை ஊர்ச் சபையுமன்று.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பள்ளி அழைக்கும் கூட்டங்களுக்குத் தவறாது வாருங்கள். பெண்ணின் மதிப்பெண்ணை மட்டுமன்றி, அவள் என்ன படிக்கிறாள், ஏன் படிக்கிறாள் என்பதையும் கேளுங்கள். ஊர் கூடினால்தான் தேர் நகரும். மாணவியரே, நீங்கள் நாளை தாயாகவும் ஆசிரியையாகவும் அதிகாரியாகவும் ஏதேனும் ஒரு பள்ளியின் மேசையில் அமர்வீர்கள். அன்று உங்கள் கையில் படியும் இருக்கும், பானையும் இருக்கும். கடைசி வரிசையில் இருப்பவளுக்கு முதலில் பரிமாறும் மனம் உங்களுக்கு வாய்ப்பதாக!

சிந்திக்கச் சில வினாக்கள்

1. கென்டக்கி நீதிமன்றம் வகுத்த ஏழு திறன்களுள் எதனைத் தேர்வில் அளக்க இயலும்? எதனை அளக்க இயலாது?

2. பள்ளிக் குழுவில் மாணவியர்க்கும் இடம் இருத்தல் வேண்டுமா? காரணம் கூறுக.

3. டெபோரா மையர் பள்ளியின் ஐந்து வினாக்களை இக்கட்டுரையின் மீதே கேட்டு, வகுப்பில் கலந்துரையாடுக.